நாலு என்று சொல்லாத வீடு

அவர் பேர் தேஜின்.
கருங்கலில் அந்தப் பேர் கிடையாது,
ரெஜின் உண்டு, தெருவுக்கு மூணு.
அன்பியத்தில் ரெஜின் என்றே எழுதிக்கொண்டார்கள்.
கல்யாண அழைப்பிதழ்கூட
ரெஜினும் குடும்பமும் என்றுதான் வருகிறது.
"தூரத்துப் பார்வைக்கு நம்ம ஆளு போலத்தான்" என்பாள்
எதிர்வீட்டு ஷைலா, கண்ணாடி போடாமல்.

கப்பல் கட்டுகிற ஊரில்
அவருக்குப் பாதுகாப்பு அதிகாரி வேலை.
வேலையை அங்கே விட்டுவிட்டு
பாதுகாப்பை மட்டும் கையோடு கொண்டுவந்தார்.
மரச்சீனிக் கிழங்கு பிடுங்கக் கையுறை.
நான் மிக்சி போடும் முன்
வீடு முழுக்கக் கேட்க ஓர் அறிவிப்பு.

லாசர் அண்ணன் தேங்காய் வெட்ட வந்த அன்று
மஞ்சள் ஹெல்மெட் மாட்டி
மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி
கோழியை, என்னை, டியூஷனுக்குப் போன பையனை
ரப்பர் ஷீட் காயும் கொடிக்கு அப்பால் நிறுத்தி
அண்ணாந்து கையுயர்த்தி எண்ணினார்,
அவர் பாஷையில், அஞ்சிலிருந்து கீழ்நோக்கி:
ஓ!
சா!

அதோடு வெட்டு நின்றது.
மட்டைகளுக்கு நடுவே ஒரு முகம் எட்டிப் பார்த்தது.
"ஆரை வேய் சாகச் சொல்லுது?"

நாலுக்கு அங்கே சா என்று பேர் அண்ணா,
கழுத்து வலிக்க விளக்கினேன் நான்.
"சாவும் சா! சேம், சேம்!" என்று
கீழிருந்து நேர்மையாகக் கத்தினார் இவர்.
லாசர் அண்ணன் இறங்கினார்,
வெட்டின பாதிக்குக் கூலிகூட வாங்காமல்
சைக்கிளை எடுத்துக்கொண்டு போயே போனார்.

ரெண்டு மாசம்
தேங்காய் தானாக விழுந்தது,
ராத்திரியில், யாரும் எண்ணாமல்.
ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்து
"ஆபத்து" என்றார். அவருக்குச் சுத்தமாக வருகிற தமிழ் அது.
பதினோரு தென்னை நிற்கிற விளையில் இருந்துகொண்டு
துவையலுக்குச் சந்தையில் தேங்காய் வாங்கினேன்.
அந்த சேம் சேம் எதுக்குச் சொன்னீங்க என்று கேட்டால்
"குன்யாங்" என்றார்.
சும்மா என்று அர்த்தம்.
எங்களுக்குள் மொழிபெயர்ப்பு தேவைப்படாத
ஒரே சொல் அதுதான்,
அதை வைத்து எத்தனை சண்டைதான் போடுவது?

கடைசியில் அவரே போனார்,
கிம்சி ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு.
புஷ்பபாய் அக்கா மூடியைத் திறந்து மோந்து
"இது எப்ப மோனே கெட்டுப்போச்சு?" என்று
பரிவாகக் கேட்டார்களாம்.
லாசர் அண்ணன் விரலால் தொட்டு நக்கி
யோசித்து
அவிச்ச கிழங்குக்கு வைத்து
பாட்டிலின் பாதியைக் காலி செய்தபின் சொன்னது:
"இனிமே தமிழிலதான் எண்ணணும், கேட்டீரா?"

எண்ணினார்.
விழுகிற குலைகளை ஒவ்வொன்றாக,
ழ வராத நாக்கால்,
முழு மரத்துக்கும் கேட்க:
"அஞ்சு! ஆறு! ஏறு!"
"ஏறித்தானே வேய் நிக்கேன்!"
"எட்டு!"
"எட்டல்லியே, அதானே எனக்க பாடு!"
நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு
அடுக்களைக்குள் ஓடினேன்.

போன வாரம் எங்களுக்குக் கல்யாண நாள்.
எத்தனையாவது என்று நான்தான் சொல்லவேண்டும்,
அவர் சொல்லமாட்டார்.
பேக்கரியில் அந்த எண் போட்ட மெழுகுதிரியைத்
தொடவே இல்லை.
மூணு ஒன்று, ஒண்ணு ஒன்று எடுத்தார்,
பார்க்கிறவர்கள் கூட்டிக்கொள்ளட்டும் என்று.
கேக்கில் பக்கத்தில் பக்கத்தில் நட்டார்.

ஷைலா அன்றைக்குக் கண்ணாடி போட்டிருந்தாள்.
"முப்பத்தொண்ணு வருசமா பிள்ளே?"
எனக்கு வயசே முப்பத்திமூணு.
"பார்த்தா அப்பிடித்தான் தோணுது" என்றார் லாசர் அண்ணன்
வாசல்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

இவருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை.
திரி கொளுத்தும் முன்
எல்லாரையும் ரெண்டடி பின்னால் நிறுத்திவிட்டு
என்னிடம் மெதுவாகக் கேட்டார்,
ஹெல்மெட்டை எங்கே வைத்தாய்?